லாத்தாவுக்கு மட்டும் எழுதியது

கூஃபா
ஹிஜ்ரி 264, முஹர்ரம் 9

அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்.

தம்பி ஹுரைஸுக்கு உன் லாத்தா உமைமா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் மச்சான் மிஸ்அரும் லுபாபாவும் அவன் கிருபையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவேண்டிய தேவை இல்லை. ஊரே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

போன வாரம் நம் தைல ஜாடிகளை பக்தாதுக்குக் கொண்டுபோகும் படகுக்காரர் திரும்பி வந்தார். வழியில் எத்தனை ஜாடி உடைந்தது என்று சொல்வதற்கு முன்னால் உன் பேச்சைத்தான் எடுத்தார்.

"உங்க தம்பியப் பாத்தேம்மா. கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நாலஞ்சு பேரோட ஒரு வீட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. ஒருத்தன் ஏதோ பாட்டு சொன்னான். இவரு கண்ணுல தண்ணி. நான் ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். காதுல விழல."

பேரீச்சை பழுக்கிற வெயில் இது. இந்த வெயிலில் கம்பளி. நான் போன குளிர்காலத்தில் நெய்து அனுப்பிய பருத்திச் சட்டை எங்கே போயிற்று?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லுபாபாவுக்கு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. பெரிய பள்ளிவாசலில் நபிமொழிப் பாடம் நடத்தும் அபுல் வர்து இருக்கிறாரே, அவருடைய மகன் இயாஸ். பையன் அடக்கமானவன். அவன் உம்மாவும் அத்தையும் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணோட மாமா பக்தாத்ல என்ன பண்றாரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"சல்லடை செஞ்சு விக்கிறான்" என்றேன்.

"சல்லடை மட்டுந்தானா? சூஃபின்னுல்ல சொல்லிக்கிறாங்க."

எடுத்த பழத்தை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டாள். கம்பளி உடுத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு பெயர் கிளம்பியிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொன்னதில்லை.

வாப்பாவும் கம்பளிதான் உடுத்தினார். உனக்கு அப்போது மூன்று வயது, நினைவிருக்காது. உம்மா ரொட்டி சுடும்போது அவர் அடுப்பு நெருப்பைப் பார்ப்பார். நரகம் ஞாபகம் வந்துவிடும். உட்கார்ந்து அழுவார். அவரைத் தேற்றி முடிப்பதற்குள் ரொட்டி கரிந்துவிடும். கரிந்த ரொட்டி தின்றே நான் வளர்ந்தேன். வீட்டில் இருந்த ஒரே பெரிய சட்டியையும் வாசலில் வந்து நின்றவனுக்குத் தூக்கிக் கொடுத்தார். மூன்று வருஷம் உம்மா பக்கத்து வீட்டுச் சட்டி காலியாகும் நேரம் பார்த்துச் சமைத்தாள். பதினொரு வயதில் நான் கம்பளி நூற்கப் போனேன். யாருக்குத் தெரியுமா? வாப்பாவின் கூட்டாளிகளுக்குத்தான். அந்த நாற்றம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை.

ஊதாப்பூ வரத்து தொடங்கிவிட்டால் தைலம் இறக்கவே உன் மச்சானுக்கு நேரம் போதாது. அதற்கு முன்னால் நிக்காஹ். நீ வரவேண்டும். பருத்தி உடுத்தி வரவேண்டும்.

உன் லாத்தா
உமைமா


பக்தாத்
ஸஃபர் 2

அல்லாஹ்வின் பெயரால்.

லாத்தாவுக்கும் மச்சானுக்கும் லுபாபாவுக்கும் என் ஸலாம். நான் நலம். மழை வருவதற்குள் உன் முழங்கால் வலி தணியவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லுபாபாவுக்கு நல்ல இடம் அமைந்ததில் மகிழ்ச்சி. இயாஸ் அடக்கமானவன் என்று எழுதியிருக்கிறாய். லுபாபாவுக்கு அது போதுமா என்று அவளிடமும் கேள்.

நீ நெய்த சட்டை ஸாபிக்கிடம் இருக்கிறது. துறையில் மூட்டை தூக்குகிறவன். அதைப் போட்டுக்கொண்டு போனால் கங்காணி மரியாதையாகக் கூப்பிடுகிறானாம். எங்கள் கூட்டத்தில் அவன் ஒருவன், ஒரு நெசவாளி, பேரீச்சம்பாகு விற்கும் ஒரு கிழவி, இன்னும் மூன்று நான்கு பேர். பெரிதாக ஒன்றும் இல்லை. உட்காருவோம். யாராவது பேசுவார்கள். பல நாள் யாரும் பேசமாட்டார்கள்.

அல்லாஹ் உங்களைக் காக்கட்டும்.

ஹுரைஸ்


கூஃபா
ஸஃபர் 21

அருளாளன் அல்லாஹ்வின் பெயரால்.

தம்பிக்கு ஸலாம். வீட்டில் யாருக்கும் குறையில்லை. எனக்கு மட்டும் தலைவலி. அதற்குக் காரணம் உன் கடிதம்.

நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்று சொல்கிறாய். நிக்காஹுக்கு வருவாயா என்றால் பதில் இல்லை. கம்பளியை விடுவாயா என்றால் மூட்டை தூக்குகிறவனுக்குச் சட்டை அளவாக இருக்கிறது என்கிறாய். விரல் வீங்க, இரண்டு மாதம் நெய்த சட்டை அது. கங்காணியின் மரியாதைக்காகவா நெய்தேன்?

"உட்காருவோம், பேசமாட்டோம்" என்கிறாய். பேசாமல் உட்காருவதற்கு வாரத்தில் இரண்டு நாள் கடையை அடைக்கவேண்டுமா? உன் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அவன் பாட்டுக்கு இருக்கான், விடேன்" என்கிறார். அவருக்கு எல்லாமே விடேன்தான். விட்டுவிட்டால் பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தேடுவது?

அபுல் வர்து வீட்டு அம்மாள் நேற்று மறுபடி வந்தாள். "கம்பளி போட்டாக்கூடப் பரவால்ல. எங்க மாமனாரும் போட்டவருதான். ஆனா பக்தாத்ல இருக்குறவங்க வேற என்னமோ பேசுறாங்களாமே. பயப்பட வேணாம்ங்கிறாங்களாமே" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? வாப்பா அழுததாவது எனக்குப் புரிந்தது. பயந்தார், அழுதார். நீ என்ன செய்கிறாய் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே நேராகக் கேட்கிறேன். அங்கே என்னதான் பேசிக்கொள்கிறீர்கள்? உன் நெஞ்சில் என்ன இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

உமைமா


பக்தாத்
ரபீஉல் அவ்வல் 11

அல்லாஹ்வின் பெயரால்.

லாத்தா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்தயத்தை அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துப் பற்றுப் போடு. சூட்டோடு போடவேண்டும், ஆறிய பிறகு போட்டால் பயனில்லை. மச்சானின் இருமலுக்கு அத்திப்பழம் ஊறவைத்த தண்ணீர் கொடு. குளிரில் அவரைச் செக்கடியில் நிற்கவிடாதே.

நேராகக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன். இது உனக்கு மட்டும். மச்சானிடம்கூடக் காட்டாதே. அவர் தப்பாக நினைப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூஃபாவில் இருந்தவரை நானும் வாப்பாவைப் போலத்தான் இருந்தேன். அடுப்பைப் பார்த்தால் நடுங்குவேன். நீ பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பக்தாதுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், முற்பகல், கடையில் உட்கார்ந்து சல்லடைக்கு நரம்பு பின்னிக்கொண்டிருந்தேன். தெருவில் கழுதைகள் போய்க்கொண்டிருந்தன. விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது பயம் இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. நான் அவனைத் தேடுவதற்கு முன்பிருந்தே அவன் என்னைத் தேடிக்கொண்டிருந்தான் என்று தோன்றியது. காதல் என்பதைத் தவிர அதற்கு வேறு சொல் என்னிடம் இல்லை. நரகத்தை நினைத்து வெகு நாளாயிற்று, லாத்தா. சொர்க்கத்தையும்தான். கூலிக்கு வேலை செய்கிறவன் போலத் தொழ இப்போது முடியவில்லை.

இதை அங்கே யாரோ எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைக்காதே. எனக்கு நடந்ததுபோல ஸாபிக்குக்கும் அந்தக் கிழவிக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் சேர்ந்து உட்காருகிறோம். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

உன்னிடம் சொல்லிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

ஹுரைஸ்


கூஃபா
ரபீஉல் ஆகிர் 3

அல்லாஹ்வின் பெயரால்.

தம்பிக்கு ஸலாம். அனைவரும் சுகம். உன் கடிதம் வந்து சேர்ந்தது.

இங்கே நல்ல குளிர். நிக்காஹ் ஜமாதுல் ஊலா 21 என்று முடிவாகிவிட்டது. அபுல் வர்து வீட்டார் ஒரு வழியாக மனம் இறங்கி வந்தார்கள். லுபாபாவுக்குத் தறியில் பச்சைக் கரை போட்ட முக்காடு ஓடிக்கொண்டிருக்கிறது. உன் மச்சான் செக்குக்குப் புது உலக்கை செய்யச் சொல்லியிருக்கிறார். தச்சன் இன்று நாளை என்கிறான். அவனோடு ஒரே வழக்கு.

ஒரு விஷயம். பக்தாதிலிருந்து பெயர் பெற்ற உபதேசி ஒருவர் வந்து இங்கே பத்து நாள் தங்கிப் போனார். கலீபாவின் மாளிகைவரை செல்வாக்கு உள்ளவராம். பெண்கள் பக்கம் திரைக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்து எல்லோர் குறையையும் பொறுமையாகக் கேட்டார். அவருடைய ஆட்கள் யாராவது உன்னைப் பார்க்க வரலாம். வந்தால் எதிர்த்துப் பேசாதே. பெரியவர்கள் நாலு வார்த்தை சொன்னால் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போ. அதில் உனக்கென்ன குறைந்துவிடப் போகிறது?

நான் எது செய்தாலும் உன் நன்மைக்குத்தான். அதை மட்டும் நினைவில் வை.

உமைமா


பக்தாத்
ரபீஉல் ஆகிர் 20

அல்லாஹ்வின் பெயரால்.

லாத்தாவுக்கும் வீட்டாருக்கும் ஸலாம். இங்கே எனக்கு ஒரு நோயும் இல்லை. அங்கே குளிர் அதிகம் என்றாயே, உடம்பைப் பார்த்துக்கொள்.

உபதேசியின் ஆட்கள் யாரும் வரவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது. நீ சொல்லும் அதே உபதேசி, வெள்ளிக்கிழமைதோறும் எங்களைப் பற்றிப் பேசுகிறார். படைத்தவனிடம் அஞ்சத்தான் வேண்டும், காதல் என்று பேசுகிறவன் அவனை மனிதனாக்கிவிட்டான், அப்படிப்பட்டவனின் ரத்தத்தைச் சிந்தினாலும் பாவமில்லை என்கிறார். ஏதோ பட்டியல் ஒன்று தயாராகிறதாம். எழுபது பேர் என்கிறார்கள். நெசவாளி குடும்பத்தோடு மோஸுலுக்குப் போய்விட்டான். "ஒம்பேரும் இருக்குன்னு சொல்றாங்கப்பா, கெளம்பு" என்று கிழவி வந்து சொன்னாள். "எம்பேரு யாருக்குத் தெரியும் பாட்டி, சல்லடை வாங்குறவனுக்கே தெரியாது" என்றேன்.

கிளம்புவதானால் கூஃபாவுக்குத்தான் வருவேன். நிக்காஹ் நேரத்தில் உனக்கு அது சங்கடம். அதனால் இங்கேயே இருக்கிறேன். எல்லாம் அடங்கியதும் வந்து லுபாபாவைப் பார்க்கிறேன்.

ஹுரைஸ்


கூஃபா
ஜமாதுல் ஆகிர் 8

அல்லாஹ்வின் பெயரால்.

ஹுரைஸுக்கு ஸலாம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு எப்படி நினைப்பது?

இது மூன்றாவது கடிதம். முதலில் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. படகுக்காரரிடம் கேட்டால், "கடை சாத்தியிருக்குதும்மா" என்கிறார். "பக்கத்துக் கடையில கேட்டீங்களா?" என்றால், "பக்கத்துக் கடைக்காரன் எம்மூஞ்சியப் பாக்காம உள்ள போயிட்டாம்மா" என்கிறார். ஒரு மனிதனை ஒழுங்காக விசாரித்துவரக்கூடத் துப்பில்லை. அவரைத் திட்டி என்ன பயன்?

கம்பளிக்காரர்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று இங்கே சந்தை முழுக்கப் பேச்சு. தலையை எடுக்கப் போகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். நாலு வார்த்தை புத்தி சொல்வார்கள் என்றுதானே நினைத்தேன். பட்டியல் என்று யாரும் சொல்லவில்லையே.

லுபாபா நிக்காஹ் நடந்துவிட்டது. "மாமா எங்கம்மா?" என்று கேட்டாள். வியாபாரமாகத் தூரம் போயிருக்கிறான் என்றேன். உன் மச்சான் அந்த நேரம் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என்னோடு பேசிப் பல நாளாகிறது. பூ வந்து குவிந்து கிடக்கிறது, வேலை அதிகம், அதனால் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

நீ ஏன் கிளம்பி வரவில்லை? எனக்குச் சங்கடம் என்று நீயாக ஏன் முடிவுகட்டினாய்? நான் கேட்டேனா? எரிச்சலில் எழுத்து கோணுகிறது. ஒரே ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

லாத்தா


பக்தாத்
ரஜப் 10

அல்லாஹ்வின் பெயரால்.

லாத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். உயிரோடு இருக்கிறேன். மூன்று கடிதங்களும் பக்கத்துக் கடைக்காரரிடம் இருந்தன. நேற்றுத்தான் படித்தேன். லுபாபாவுக்கும் இயாஸுக்கும் என் துஆ.

அறுபது நாளுக்கு மேல் சிறையில் இருந்தேன். ஒரு வாரத்துக்கு முன் காஜியின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் கையில் ஒரு காகிதம். என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

"இது நீ எழுதுனதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"படி" என்று எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் முதல் வரியிலிருந்து தொடங்கினார். உன் முழங்கால், வெந்தயம், நல்லெண்ணெய், சூட்டோடு போடவேண்டும். காவலாளி ஒருவன் சிரித்துவிட்டான். "அதெல்லாம் வேணாம், கீழ போ" என்றார் காஜி. எழுத்தர் மச்சானின் இருமலுக்குப் போனார். "இன்னும் கீழ."

பிறகு மற்றதைப் படித்தார். நரம்பு பின்னிக்கொண்டிருந்தது, கழுதைகள், பயம் போனது, எல்லாவற்றையும். தானிய மூட்டைகளை எண்ணுகிற குரலில் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காதல்ங்கிற. படைச்சவனைப் பத்திப் பேச அந்த வார்த்தைதான் கெடச்சுதா ஒனக்கு?"

"வேற வார்த்தை தெரியலைங்க. யாராவது சொன்னா மாத்திக்கிறேன்."

காஜி அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். பிறகு தொழுகையைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் இல்லாத இடத்தில் எப்படிச் சுத்தம் செய்துகொள்வாய், வழிப்பயணத்தில் எத்தனை ரக்அத், இப்படி. பதில் சொன்னேன். கடைசியாக, "யாருக்கு எழுதுன கடுதாசி இது?" என்றார்.

"எங்க லாத்தாவுக்கு."

"அவங்க வீட்லேர்ந்து இங்க எப்படி வந்துச்சு?"

"திருடு போயிருக்கும்னு நெனைக்கிறேங்க."

"கடுதாசியத் திருடுறதுக்கு ஒரு திருடனா?" என்று என்னையே பார்த்தார். பிறகு எழுத்தரிடம், "ஒழுங்கா தொழுறான், ஒழுங்கா வேல செய்யுறான். இவன வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது, அனுப்புங்க" என்றார்.

என்னோடு சிறையில் இருந்த ஸாபிக் வெளியே வரவில்லை. நாற்பதாம் நாள் காய்ச்சல் கண்டது, ஐந்து நாளில் போய்விட்டான். பக்தாதில் அவன் மனைவி ஹுமைதாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

உன் வீட்டுப் பூட்டு பழையது. மாற்றச் சொல்லி மச்சானிடம் சொல்.

ஹுரைஸ்


கூஃபா
ரஜப் 26

அல்லாஹ்வின் பெயரால்.

ஹுரைஸுக்கு ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. சிறையில் என்ன தின்றாய் என்றும் எழுதவில்லை. பூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருடன் யாரும் வரவில்லை. நான் கொடுத்தேன்.

அபுல் வர்து வீட்டு அம்மாள்தான் அந்த உபதேசியிடம் என்னை அழைத்துப்போனாள். "தம்பி வழி தவறிடுவான்னு பயமா இருக்குங்க. நீங்க பக்தாதுல கூப்பிட்டுப் புத்தி சொல்லணும்" என்றேன். "சொல்றேம்மா. அவரு என்ன நெனைக்கிறாருன்னு தெரிஞ்சாதானே எங்க புத்தி சொல்றதுன்னு தெரியும்" என்றார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார். வீட்டுக்கு வந்தேன். எனக்கு மட்டும் என்று நீ எழுதியதை எடுத்தேன். திரைக்கு அடியில் நீட்டினேன். அந்தப் பக்கம் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மறுநாளே அபுல் வர்து வீட்டார் நிக்காஹுக்கு நாள் குறித்தார்கள். இதுதான் நடந்தது. உன் மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. லுபாபாவுக்கும் தெரியும். புகுந்த வீட்டிலிருந்து அவள் ஒரு தடவைகூட வரவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தைக் காஜியின் கையில் பார்த்த உடனே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே அத்தனை பேர் முன்னால் திருடு போயிற்று என்றாய். பொய்யே சொல்லாதவன் எனக்காகச் சொன்னாய். யார் கேட்டது அதை?

உன் மன்னிப்பைத் தாங்க என்னால் முடியாது, ஹுரைஸ். வாப்பாவும் இப்படித்தான். சட்டியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாரே, அன்று உம்மா அவரோடு சண்டை போட வாயைத் திறந்தாள். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? சாகிறவரை அவள் மனசிலேயே வைத்துக்கொண்டாள். அவர் அழுதே வாயை அடைத்தார், நீ சாந்தமாகச் சிரித்து அடைக்கிறாய். இரண்டும் ஒன்றுதான். நான் உன்னைக் காட்டிக்கொடுத்தவள். என்னிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கோபமாகச் சொல்ல உனக்கு முடியாதா? இல்லை, காதலில் மூழ்கினவனுக்கு லாத்தாவெல்லாம் எம்மாத்திரம் என்றாகிவிட்டதா?

உமைமா


பக்தாத்
ஷஃபான் 12

அல்லாஹ்வின் பெயரால். ஸலாம்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் மன்னித்துவிட்டேன் என்று இருந்தது. மூன்றும் பொய்.

கோபமாகச் சொல்லச் சொன்னாய். கேள்.

நீ செய்தது பச்சைத் துரோகம். புத்தி சொல்வார்கள் என்று நினைத்தேன் என்கிறாய். முப்பது வருஷமாகச் சந்தையில் தைலம் விற்கிற வீட்டில் இருக்கிறாய். ஒரு ஜாடி வாங்க வருகிறவன் கண்ணைப் பார்த்தே அவன் கடன் சொல்வானா மாட்டானா என்று கண்டுபிடித்துவிடுவாய். அந்த உபதேசி எதற்குக் காகிதம் கேட்கிறார் என்று மட்டும் உனக்குத் தெரியவில்லையா? உனக்கு நிக்காஹ் வேண்டியிருந்தது. அதனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தாய்.

ஸாபிக்கின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதை முன்பு நான் எழுதவில்லை. உன்னைக் காப்பாற்றலாம் என்று விட்டேன். என்னைப் பிடிக்க வந்தபோது அவன் என் கடையில் உட்கார்ந்து அவித்த அவரைக்கொட்டை தின்றுகொண்டிருந்தான். "இவன் யாரு?" என்றார்கள். "இவரோட சேக்காளி" என்று அவனே சொன்னான். வாயில் இருந்ததை முழுங்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். ஈரத்தரை. முதுகு வைக்க முடியாது. சாகும்போது பெண் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னான். அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு உன்மேல் அப்படி ஆத்திரம் வருகிறது.

சிறு வயதிலிருந்து எனக்காக எல்லாவற்றையும் நீதான் முடிவுசெய்தாய். எந்தத் தொழில், எந்தச் சட்டை, எந்த ஊர். நீ நூற்றுத்தான் நான் சாப்பிட்டேன், அதனால் வாயைத் திறக்கவில்லை. சாந்தமாகச் சிரிக்கிறேன் என்கிறாயே, அந்தச் சிரிப்பைப் பழகியது அல்லாஹ்விடம் அல்ல. உன்னிடம்.

இன்னொன்று. பயம் போய்விட்டது என்று பெருமையாக உனக்கு எழுதினேன். சிறைக் கதவைச் சாத்திய இரண்டாம் நாளே அது திரும்பி வந்தது. வாப்பாவைப் போலவே உட்கார்ந்து அழுதேன். ஸாபிக்தான் தேற்றினான். அவன் பயப்படவே இல்லை. கடிதமாக எழுதாமல் கம்மென்று இருந்தான், அவனிடம் அந்தக் காதல் அப்படியே இருந்தது. நான் எழுதினேன். என்மேலும் எனக்கு ஆத்திரம்தான். அந்தக் காதல் போய்விட்டதா என்றால், போகவில்லை. கோபத்தோடு கூடவே இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் கேட்கலாமென்றால் கிழவியைத் தவிர யாரும் மிச்சமில்லை.

நான் உன்னை மன்னிக்கவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்ல முடியாது. என்னிடம் கேட்பதற்கு முன்னால் ஹுமைதாவிடம் கேள்.

ஹுரைஸ்


கூஃபா
ஷஃபான் 24

அல்லாஹ்வின் பெயரால்.

தம்பிக்கு ஸலாம். உன் கடிதத்தை உன் மச்சானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினார். "இப்பதான் மனுசன் மாதிரி எழுதியிருக்கான்" என்றார்.

நீ எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் மறுப்பேன். சல்லடைத் தொழிலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான் உன்னை நெசவுக்குத்தான் அனுப்பினேன். நீதான் மூன்றே நாளில் ஓடிவந்தாய். மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான். தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்றாயே, அந்த வரியை மறுபடி படிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பெருநாள் கழிந்து ஷவ்வால் பத்தாம் நாள் எங்கள் படகு கிளம்புகிறது. நானும் உன் மச்சானும் வருகிறோம். ஹுமைதாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். வேறு வழி தெரியவில்லை. போகும்போது லுபாபாவின் வாசலிலும் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

உன் வீட்டுக்கு வரமாட்டேன். நீ துறைக்கும் வரவேண்டாம். அவள் வீடு எந்தத் தெரு என்று மட்டும் எழுது.

லாத்தா


பக்தாத்
ரமலான் 6

அல்லாஹ்வின் பெயரால்.

லாத்தாவுக்கு ஸலாம்.

ஹுமைதாவின் வீடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால், மூன்றாவது சந்து. அந்தப் பக்கம் எல்லாச் சந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். யாரிடம் கேட்டாலும் தப்பாகத்தான் வழி சொல்வார்கள். மச்சானுக்கோ கிழக்கு மேற்கே தெரியாது. நீங்கள் இருவரும் வெயிலில் அலைந்து, கடைசியில் அவர்மேல் எரிந்து விழுவாய்.

துறையில் நிற்கிறேன். அவள் வாசல்வரை கூட்டிப்போய் விடுகிறேன். வழியில் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே.

ஹுரைஸ்